கடலுக்குப் போகும் முன்பே முடிவு செய்து வைக்க வேண்டியவை

என் இடது கையில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டையும் விஞ்ச், அதாவது வலைக் கயிற்றைச் சுற்றி இழுக்கிற இயந்திரம், எடுத்துக்கொண்டது. அன்றைக்குக் காற்று இல்லை, அலை இல்லை, கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. வலையில் நல்ல மீன் வேறு. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

26 வருடம் மீன்பிடிப் படகுகளில் இருந்தேன். முதலில் வலை இழுக்கிற ஆள், பிறகு டிரைவர். இப்போது கரையில் உட்கார்ந்து புதிதாக வருகிற பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் புயலைப் பற்றித்தான் இருக்கும். புயலுக்குப் பயப்பட வேண்டியதுதான். ஆனால் புயல் நாளில் படகில் இருக்கிற அத்தனை பேரும் விழிப்பாக இருப்பார்கள். நான் பார்த்த காயங்களில் பெரும்பாலானவை, கை ஒரு வேலையிலும் மனசு வேறெங்கோவும் இருந்த சாதாரண நாளில் வந்தவை. அந்த நொடியில் யோசிக்க நேரம் கிடைக்காது. யோசிக்க வேண்டியதைக் கரையிலேயே யோசித்து முடித்துவிட்டுத்தான் படகேற வேண்டும்.

நீரில் விழுந்தால்

அமெரிக்காவில் 2000 முதல் 2016 வரை படகிலிருந்து தவறி விழுந்து இறந்த மீன்பிடித் தொழிலாளர்கள் 204 பேரின் கணக்கை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த 204 பேரில் ஒருவர்கூட லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. பத்தில் ஆறு பேர் விழுந்ததை யாரும் பார்க்கவே இல்லை. இந்த இரண்டு செய்தியையும் சேர்த்துப் படியுங்கள். நீங்கள் விழும்போது யாரும் பார்க்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டுதான் உடுப்பு உடுத்த வேண்டும்.

"எனக்கு நீச்சல் நன்றாக வரும் அண்ணே" என்று சொல்லாத பையனே இல்லை. தம்பி, ஓடுகிற படகை நீந்திப் பிடிக்க முடியாது. குளிர்ந்த நீரில் 1-10-1 என்று ஒரு கணக்கு உண்டு. முதல் 1 நிமிடம் மூச்சு நம் வசத்தில் இருக்காது. திக்கென்று வாயால் இழுக்கும், அப்போது வாய் நீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. அடுத்த 10 நிமிடம் கை கால் நாம் சொன்னபடி கேட்கும், அதற்குள் எதையாவது பிடித்துவிட வேண்டும். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். ஆனால் மிதக்க வைக்க உடம்பில் எதுவும் இல்லாதவர் அந்த ஒரு மணி நேரத்தைப் பார்ப்பதே இல்லை. வெதுவெதுப்பான கடலிலும் உடம்புச் சூடு இறங்கிக்கொண்டேதான் இருக்கும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டை இழுக்கும்.

எந்த லைஃப் ஜாக்கெட்? உங்கள் வேலைக்கு இடைஞ்சல் செய்யாதது எதுவோ அது. தடிமனான ஆரஞ்சு நிறப் பொதி ஒன்றை வாங்கிக் கூரையில் கட்டி வைத்துவிட்டு "எங்களிடம் எல்லாம் இருக்கிறது" என்று சொல்கிற படகுகளை நிறையப் பார்த்துவிட்டேன். தோளில் பட்டையாகக் கிடந்து, நீரில் மூழ்கியதும் தானாக ஊதிக்கொள்கிற வகை வலை வேலைக்கு வசதி. அதிலும் நீரின் அழுத்தத்தால் திறக்கிற வகையை எடுங்கள். மற்ற வகை, தளத்தில் அலை தெறித்தாலே சில சமயம் ஊதிக்கொண்டுவிடும். அதன்பின் அந்த ஆள் எரிச்சலில் அதைக் கழற்றி எறிவார், மறுபடி போட மாட்டார். மழைக்கோட்டுக்கு வெளியேதான் போட வேண்டும். உள்ளே போட்டால் ஊதும்போது நெஞ்சை நெரிக்கும். கால்களுக்கு இடையே போகிற பட்டையைக் கட்டாயம் மாட்டுங்கள், இல்லாவிட்டால் நீரில் ஜாக்கெட் தலைக்கு மேலே போகும், ஆள் கீழே போவார். மாதத்துக்கு ஒரு முறை வாயால் ஊதி ஓர் இரவு அப்படியே விட்டு, காலையில் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கெட்டை ஊதுகிற கேஸ் குப்பி நன்றாகத் திருகியிருக்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன் கையால் தொட்டுப் பாருங்கள். அதிர்வில் அது தளரும்.

பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தால் ஆளைக் கீழே இழுத்துவிடும் என்று ஒரு பயம் இருக்கிறது. நீருக்குள் நீருக்கு எடை தெரியாது. பூட்ஸைக் கழற்றப் போராடி மூச்சை வீணாக்க வேண்டாம். படகில் ஏறும்போதுதான் அது கனக்கும்.

அப்புறம், வெளியே சொல்லக் கூச்சப்படுகிற ஒன்று. இரவில் தனியாக விளிம்புக்குப் போய்ச் சிறுநீர் கழிப்பது. ஒரு கை அவிழ்ப்பில், ஒரு கை கம்பியில், கண் பாதி தூக்கத்தில். விழுகிற சத்தம் எஞ்சின் சத்தத்தில் கேட்காது. நான் டிரைவரான முதல் நாளே ஒரு வாளியை வைத்தேன். இரவில் யாராக இருந்தாலும் வாளிதான். சிரித்தார்கள், சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

யாராவது விழுவதைப் பார்த்துவிட்டால் ஒரே மூச்சில் மூன்று காரியம்: கத்துவது, கைக்கு எட்டுகிற மிதக்கும் பொருள் எதையும் வீசுவது, விரலை நீட்டிக் காட்டிக்கொண்டே இருப்பது. காட்டுகிறவர் வேறு வேலை எதுவும் செய்யக் கூடாது, கண்ணை எடுக்கவே கூடாது. அலைக்குள் ஒரு தலை தேங்காய் அளவுதான் தெரியும். டிரைவர் ஆள் விழுந்த பக்கமாகச் சுக்கானைத் திருப்ப வேண்டும், அப்போதுதான் படகின் பின்புறமும் அடியில் சுழல்கிற விசிறியும் ஆளைவிட்டு விலகும். ஜிபிஎஸ் கருவியில் ஆள் விழுந்த இடத்தைக் குறிக்கிற பொத்தானை உடனே அழுத்த வேண்டும். கிட்டே வந்ததும் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அவருக்காக இன்னொருவர் குதிக்கக் கூடாது. குதித்தால் தேட வேண்டிய தலை இரண்டாகும்.

மேலே தூக்குவதுதான் உண்மையான கஷ்டம். நனைந்த ஆளை, அதுவும் கை கால் மரத்துப்போனவரை, இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு மீட்டராவது இறங்குகிற ஏணி வேண்டும், அல்லது விளிம்பில் இருந்து விரித்துப்போடுகிற வலைத் துண்டு வேண்டும். அந்த வலைத் துண்டில் படுத்தவாக்கில் உருட்டி ஏற்றலாம். நெடுநேரம் நீரில் கிடந்தவரைக் கூடியவரை படுத்தவாக்கிலேயே எடுங்கள். காலைச் சுற்றி அழுத்திக்கொண்டிருந்த தண்ணீர் விலகியதும் ரத்த அழுத்தம் சட்டென்று விழும், நிமிர்த்தித் தூக்கினால் கரை சேர்ந்த பிறகும் உயிர் போகலாம். மூச்சு இல்லையென்றால் முதலில் மூச்சைக் கொடுங்கள், பிறகு நெஞ்சில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடருங்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும், தண்ணீர் உள்ளே போனவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்தும் மூச்சு மோசமாகலாம்.

பழைய உடுப்பில் மணலையும் காலி கேன்களையும் திணித்து ஒரு பொம்மை செய்து, சொல்லாமல் கொள்ளாமல் கடலில் தள்ளிவிட்டுப் பாருங்கள். நாங்கள் முதல் தடவை அதைத் திரும்பத் தளத்தில் கிடத்த 17 நிமிடம் ஆனது. யாரும் அன்று சாப்பிடும்போது பேசவில்லை.

கயிறும் விஞ்சும்

என் விரல் கதைக்கு வருகிறேன். விஞ்ச் உருளையில் ஒரு சுற்று இன்னொரு சுற்றின் மேல் ஏறிக்கொண்டது. அதைக் கையால் தள்ளிவிடலாம் என்று போனேன். அதற்கு முன் ஆயிரம் தடவை தள்ளியிருக்கிறேன். அன்று போட்டிருந்த ரப்பர் கையுறை மணிக்கட்டில் தொளதொளவென்று இருந்தது. கயிறு அதன் ஓரத்தைக் கவ்வியது. லீவரில் நின்றவர் மீன் பொறுக்கப் போயிருந்தார். நிறுத்துகிற பொத்தான் எனக்கு எதிர்ப்பக்கம், நான்கடி தூரத்தில். அந்த நான்கடியை நான் இன்றைக்கும் அளந்துகொண்டிருக்கிறேன்.

அதனால், விஞ்ச் சுற்றும் வரை லீவரைவிட்டு ஆள் நகரக் கூடாது. மீன் வெயிலில் கெட்டாலும் பரவாயில்லை. நிறுத்து என்பதற்கு எல்லோருக்கும் ஒரே சொல் இருக்க வேண்டும், அதை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. சிக்கலை எடுக்க வேண்டுமென்றால் முதலில் விஞ்சை நிறுத்துங்கள், பிறகு கையை வையுங்கள். கையுறை மணிக்கட்டை ஒட்டியிருக்க வேண்டும். கழுத்தில் துண்டு, தொங்குகிற நாடா, கையில் மோதிரம் எதுவும் வேண்டாம். நிறுத்துகிற பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்றால், மாட்டிக்கொண்ட ஆளுக்கு எட்டுகிற இடத்தில். அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தார் அலாஸ்காப் பக்கத்துச் சுருக்குவலைப் படகுகளுக்காக, விஞ்ச் உருளையின் தலையிலேயே நிறுத்தப் பொத்தானை வைத்தார்கள். உள்ளே இழுக்கப்படுகிறவரே ஓங்கி அடித்து நிறுத்திவிடலாம். இதைவிடப் புத்தியான காரியத்தை நான் படகில் பார்த்ததில்லை.

வலை விடும்போது கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சுருண்டு கிடக்கிற கயிற்று வளையத்துக்குள் நிற்கக் கூடாது. கனமான வலை ஓடும் வேகத்தில் அந்த வளையம் கணுக்காலைச் சுருக்கி ஆளோடு போய்விடும். ஆளுக்கொரு கத்தி வேண்டும். இரண்டு கையில் எது மாட்டினாலும் மற்றது எட்டும்படி நெஞ்சுப் பக்கம் அதைக் கட்டிக்கொள்ளுங்கள். அதோடு பின்புறக் கம்பியோரம் ஒரு கத்தியை நிரந்தரமாகச் செருகி வையுங்கள். அதை எடுத்து மீன் கழுவுகிறவரைக் கண்டபடி திட்டலாம், அனுமதி தருகிறேன்.

இழுபடுகிற நைலான் கயிறு ரப்பர் மாதிரி நீளும். அறுந்தால் வந்த வழியே சவுக்கு போலத் திரும்பும். இறுகி நிற்கிற கயிற்றுக்கு நேராக, அதன் கப்பிக்கு நேராக, யாரும் நிற்கக் கூடாது. தூண்டில் வடத்தில் பெரிய சுறா இழுக்கும்போது வெட்டிவிட்டாலும் இதே ஆபத்துதான். ஈயக் குண்டு முகத்துக்குத் திரும்பி வரும். அந்த வேலைக்குத் தலைக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, படகு கவிழ்வது. வலை தரையில் மாட்டிக்கொண்டால் எஞ்சினைக் கூட்டி இழுத்துப் பார்க்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். வடம் பின்புறத்தைக் கீழே அழுத்திப் பிடித்திருக்கும் நேரத்தில் பின்னாலிருந்து ஓர் அலை ஏறினால் போதும். வேகத்தைக் குறையுங்கள், வடத்தைத் தளர்த்துங்கள், கதவுகளையும் மூடிகளையும் சாத்துங்கள். அதன்பிறகு யோசிக்கலாம். வலையைவிட மனமில்லாமல் படகையே விட்டவர்கள் உண்டு. தளத்தில் குவித்த மீன் தண்ணீரைப் போலவே நடந்துகொள்ளும், படகு சாய்ந்த பக்கமாக அதுவும் ஓடி இன்னும் சாய்க்கும். பலகை தடுத்து அறை அறையாகக் கொட்டுங்கள். தண்ணீர் வடிகிற ஓட்டைகளில் வலைத் துண்டும் செதிலும் அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறை வலை இழுத்த பிறகும் பாருங்கள். படகு வெடுக்கு வெடுக்கென்று ஆடினால் வயிற்றைப் புரட்டும், ஆனால் அது ஆரோக்கியமான ஆட்டம். ஆட்டம் மெதுவாகி, சாய்ந்த பக்கத்தில் ஒரு கணம் யோசித்து நிமிர்ந்தால், மேலே பாரம் கூடிவிட்டது அல்லது எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது. நிமிர்கிற நேரத்தை நான் தூக்கத்தில்கூட எண்ணிக்கொண்டிருப்பேன்.

மீன் கிடங்கு

எஞ்சின் பழுதாகி ஒரு முறை ஐந்து நாள் நின்றோம். கிடங்கில் மிச்ச மீனும் உருகிய ஐஸ் தண்ணீரும். மூடியைத் திறந்ததும் ஒருவர் சுத்தம் செய்ய இறங்கினார். ஏணியின் கடைசிப் படியில் களைத்தவர்போல மெல்ல உட்கார்ந்தார், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். அவருடைய மைத்துனன் பதறி இறங்கப் போனான். எங்கள் டிரைவர், வயதானவர், அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துத் தளத்தில் தள்ளி அவன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். "காத்தை அடிங்கடா உள்ளே!" என்று கத்தினார். இறங்கியவர் நல்லவேளையாக இடுப்பில் கயிறு கட்டியிருந்தார். ஊதுவிசிறிக் குழாயை உள்ளே விட்டுக்கொண்டே மேலே இருந்து இழுத்தோம். பிழைத்தார். மைத்துனன் ஒரு வாரம் டிரைவரோடு பேசவில்லை, பிறகு வந்து அழுதான்.

அழுகுகிற மீன் காற்றில் இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும், ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவையும் விடும். முட்டை அழுகிய நாற்றம் அதுதான். நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். 100 பிபிஎம் அளவு, அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு, வந்தாலே மூக்கு மரத்துப்போய் எதுவும் தெரியாது. குளிரூட்டிக் குழாயில் ஓட்டை இருந்தால் அந்த வாயுவும் சேரும். ஃபிரியான் வகை வாயுக்கள் காற்றைவிடக் கனமானவை, அடியில் போய்த் தங்கும். நல்ல காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே ஆக்சிஜன் அளவுமானி காட்டினால் யாரும் இறங்கக் கூடாது. மெழுகுவத்தி ஏற்றிப் பார்ப்பது சோதனை ஆகாது, எரிகிற வாயு இருந்தால் வெடிக்கும்.

மூடியைத் திறந்து, விசிறி வைத்துக் காற்றடித்து, அளவுமானியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் பாருங்கள். இறங்குகிறவர் உடம்பில் கயிறு, மேலே ஓர் ஆள், வேறு வேலையில்லாமல். கீழே இருப்பவர் விழுந்தால் மேலே இருப்பவர் இறங்கக் கூடாது, இழுக்க வேண்டும். கிடங்குச் சாவுகள் பெரும்பாலும் ஒற்றையாக வருவதில்லை. இரண்டாவது ஆள் காப்பாற்றப் போனவராக இருப்பார். அன்பு அந்த நேரத்தில் கொல்லும் என்பதால்தான் இதைக் கரையில் பேசி முடித்துவிடச் சொல்கிறேன்.

கை, முள், கடி

சின்னக் கீறலை யாரும் மதிப்பதில்லை. மீன் முள் குத்தி இரண்டு முதல் ஏழு நாளில் விரல் ஊதா நிறமாக வீங்கி எரிந்தால் அது எரிசிபெலாய்டு என்கிற தொற்று, மருந்துக்குக் கேட்கும். ஒரே நாளில் வலி மளமளவென்று கூடி, காய்ச்சல் வந்து, ரத்தக் கொப்புளம் போட்டால் விப்ரியோ கிருமியாக இருக்கலாம். அப்போது படகைத் திருப்புங்கள். நீரிழிவும் ஈரல் நோயும் உள்ளவர்களுக்கு அது உயிருக்கே வரும். பல வாரம் கழித்து ஆறாத முடிச்சாக வருகிற இன்னொரு கிருமியும் உண்டு. மருத்துவரிடம் போனால் முதல் வாக்கியமாக "நான் மீன் வேலை செய்கிறேன்" என்று சொல்லுங்கள், பாதி நோய் அங்கேயே பிடிபடும். டெட்டனஸ் ஊசியைக் கரையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

திருக்கை, கெளிறு குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் வரை அந்த இடத்தை அமிழ்த்தி வையுங்கள். வலி ஆச்சரியமாகக் குறையும். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள், வலியில் இருக்கிறவருக்குச் சூடு தெரியாது. முள் நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ நின்றுவிட்டால் பிடுங்கவே கூடாது. கடல் பாம்பு கடித்தது சில சமயம் வலிக்கவே வலிக்காது. வலையில் இருந்து வந்த பாம்பைக் கையால் எடுத்தவர் நன்றாக இருக்கிறேன் என்றாலும் நம்பாதீர்கள். கீறுவது, உறிஞ்சுவது வேண்டாம். அசையாமல் படுக்க வைத்து, கடிபட்ட கையையோ காலையோ கட்டையோடு கட்டி, கரைக்கு வாருங்கள். உடம்பு வலியும் கறுத்த சிறுநீரும் மணிக்கணக்கில் கழித்துத்தான் வரும்.

தூக்கம்

17 மணி நேரம் விழித்திருக்கிறவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் இருப்பவரின் நிதானம்தான் என்று ஆய்வுகள் சொல்கின்றன. குடித்தவரிடம் சுக்கானைக் கொடுக்க மாட்டோம், தூங்காதவரிடம் கொடுப்போம். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் மீன்பிடித் தொழில் ஒப்பந்தம், எண் 188, 2007ல் நிறைவேறி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்குகிற படகில் எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி, எந்த ஏழு நாளிலும் 77 மணி ஓய்வு என்று அது சொல்கிறது. மீன் வருகிற நாளில் இதைச் சொன்னால் டிரைவரே சிரிப்பார், நானும் சிரித்தவன்தான். ஆனால் காவல் ஆள் நின்றுகொண்டே இருக்க வேண்டும், சாய்வு நாற்காலி வேண்டாம், சில நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தாவிட்டால் அலறுகிற அலாரம் ஒன்று வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுத்ததில்லை. படகு ஆட்டத்தில் வருகிற வாந்திக்கான மாத்திரைகளில் பல தூக்கம் வரவைப்பவை. அதைப் போட்டவர் அன்று விஞ்ச் பக்கம் வரக் கூடாது.

வெயில், சத்தம், முதுகு மூன்றும் மெதுவாகக் கொல்பவை என்பதால் யாரும் கேட்பதில்லை. தொப்பி விளிம்பு அகலமாக இருக்கட்டும், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டும். வெள்ளை விழியில் சதை வளர்ந்து பார்வையை மறைத்த டிரைவர்களை எனக்குத் தெரியும். எஞ்சின் அறைக்குள் காதுமூடி இல்லாமல் இறங்காதீர்கள், போன காது திரும்பாது. பெட்டியைத் தூக்குவதைவிடத் தள்ளுவது மேல்.

வயர்லெஸ்

கடைசியாக ஓர் அட்டை. விஎச்எஃப் என்கிற வயர்லெஸ் பெட்டிக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில், பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். சேனல் 16. உயிராபத்து என்று அறிவிக்கிற 'மேடே' என்ற சொல் மூன்று தடவை. படகின் பெயர் மூன்று தடவை. எங்கே இருக்கிறோம், என்ன ஆபத்து, எத்தனை பேர். ஆபத்தை அறிவிக்கிற சிவப்புப் பொத்தான் உள்ள பெட்டியானால் மூடியைத் திறந்து சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். டிரைவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது, விழுந்தது டிரைவராகவே இருக்கலாம்.

ஆபத்தில் செயற்கைக்கோளுக்குச் சைகை அனுப்புகிற 406 மெகாஹெர்ட்ஸ் ஈபிஆர்பி கருவியைக் கூரைக்கு அடியில் வைக்காதீர்கள். படகு மூழ்கினால் 1.5 முதல் 4 மீட்டர் ஆழத்துக்குள் நீரின் அழுத்தம் அதை விடுவிக்கும். மேலே கூரை இருந்தால் கருவி அங்கேயே மாட்டிக்கொள்ளும். விடுவிக்கிற அந்தச் சின்னப் பாகத்துக்கு வழக்கமாக இரண்டு வருடம்தான் ஆயுள். அதன் மேலேயே தேதி இருக்கிறது.

அட்டையில் படகின் பெயரையும் பதிவு எண்ணையும் முழுதாக எழுதுங்கள். தெரிந்த பெயர்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஒரு தடவை ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏழு வருடம் ஓட்டிய படகின் பெயர் வாயில் வராமல் நின்றிருக்கிறேன்.